பெரட்டுக்கு முந்திய மூன்று மணி நேரம்

தோட்டத்தில் வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று யாரைக் கேட்டாலும் பெரட்டு நேரத்தைத்தான் சொல்வார்கள். ஏழு மணி என்பார் ஒருவர், ஏழரை என்பார் இன்னொருவர். செக்ரோலில் பேர் விழுவது அதற்குப் பிறகுதான். சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனிக்காரர் வைக்கும் கணக்கும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. தொழிற்சங்கங்கள் வைக்கும் கணக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாள் பெரட்டில் தொடங்குவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கே தொடங்கிவிடுகிறது. எந்தக் கணக்கிலும் வராத அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி நம் சங்கம் பேச வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பாடசாலை ஏழரைக்குத்தான். அதற்கு முன் லயங்களைச் சுற்றி ஒரு நடை நடப்பது சில வருஷமாக வழக்கமாகிவிட்டது. தனியாகப் போவதில்லை. பால் சேகரிக்கும் இடத்துக்குப் பால் கொண்டு போகும் அக்கா ஒருவர் துணைக்கு வருவார். அவருடைய டோர்ச் லைட்டுக்குப் பின்னால் நான் நடப்பேன். உடம்புக்கு நல்லதென்று தொடங்கிய நடை. இப்போது, சங்க வேலைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்று தோன்றுகிறது. கூட்டத்தில் மக்கள் தங்கள் குறையைச் சொல்வார்கள். விடியற்காலையில் யாரும் சொல்லாமலே அது தெரியும்.

நோர்வூட் பாலத்தடியில் அந்த நேரத்தில் கெஹெல்கமு ஓயாவின் சத்தம் மட்டும் கேட்கும், தண்ணீர் தெரியாது. அவ்வளவு பனி. மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் ரோட்டுப் பிரியும் இடத்தில் முதல் பஸ்ஸுக்குச் சில பேர் நிற்பார்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போகும் இளைஞர்கள் அட்டனுக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை சீசன். அப்போது யாத்திரை பஸ்கள் வரிசையாக வரும். வெள்ளை உடுப்போடு பெரியவர்கள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பஸ்ஸிலிருந்து பார்த்தால் மலையில் அங்கங்கே சின்ன வெளிச்சங்கள் தெரியும். பார்ப்பவருக்கு அது அழகு. நாலரை மணிக்கே அங்கே யாரோ அடுப்புப் பற்ற வைத்துவிட்டார்கள் என்பதுதான் அதன் அர்த்தம்.

ரோட்டிலிருந்து ஏறினால் முதலில் வருவது பீலி. நான் சொல்லும் லயத்தில் பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு பீலி. விடிந்த பிறகு தண்ணீர் நூலாகிவிடும். அதனால் இருட்டிலேயே கேனும் குடமும் வரிசைக்கு வந்துவிடும். ஆள் வராவிட்டாலும் கேன் வரிசையில் நிற்கும், அதை யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள். அதுதான் அங்கே எழுதாத சட்டம். ஒருநாள் அந்த வரிசையில் நின்ற ஓர் அக்காவிடம், “எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க அக்கா?” என்று கேட்டேன். “சேவலுக்கு முந்தி டீச்சர். கூவாதது ஒண்ணுதான் கொறை” என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் இரண்டாவது நடைக்குக் கேனைத் தூக்கினார். ஒரு வீட்டுக்குக் குறைந்தது மூன்று நடை வேண்டும்.

பீலியைத் தாண்டினால் மலசலகூடம். அதிலும் வரிசை. இரண்டு மூன்று குடும்பத்துக்கு ஒன்று என்று இருக்கும் இடத்தில் பெண்பிள்ளைகள் வெளிச்சம் வருமுன் போய் வந்துவிடப் பார்ப்பார்கள். மழைக் காலத்தில் வழுக்கும் படியில் குடையும் தண்ணீர் வாளியுமாக ஒரு கர்ப்பிணிப் பெண் இறங்குவதைப் பார்த்தால், எந்தக் கோரிக்கையை முதலில் எழுத வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு அடுப்பு. லயத்து இஸ்தோப்பைக் கடந்து போகும்போது ரொட்டி தட்டும் சத்தம் காம்பராவுக்குக் காம்பரா மாறிக் கேட்கும். காலைக்கு ரொட்டி, மலைக்குக் கொண்டு போக ரொட்டி, பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு ரொட்டி. விறகு ஈரமென்றால் ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று முதல் பல வீடுகளில் மண்ணெண்ணெய் அடுப்பு மூலைக்குப் போய்விட்டது. அந்த விலையேற்றத்தைப் பணமாகவே நாம் கணக்குப் போட்டோம். ஆனால் முதல் நாள் மாலை விறகு பொறுக்கவும், காலையில் அடுப்பை மூட்டவும் கூடிப்போன நேரத்தையும் பெண்கள்தான் கொடுத்தார்கள்.

ஆறு மணிக்குப் பிள்ளைகளின் நேரம். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் வீடுகளில் பாட்டிதான் தலை பின்னிவிடுகிறார். ஒரு வீட்டில் அப்பா பின்னுகிறார். சடை கோணலாகத்தான் வரும். பக்கத்துக் காம்பராப் பெண்கள் கேலி செய்வார்கள், அவரும் சிரித்துக்கொண்டே ரிப்பனைக் கட்டிவிடுவார். அந்தக் கோணல் சடையோடு வரும் பிள்ளை என் வகுப்பில் இருக்கிறாள், ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. இன்னொரு பிள்ளை முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். அவள் வீட்டில் அம்மாவுக்குத் துணையாக இரண்டு நடை தண்ணீர் சுமப்பது அவள்தான். மலையகப் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஆசிரியர் பற்றாக்குறையும் கட்டடப் பற்றாக்குறையும் உண்மைதான். அவற்றோடு பீலி வரிசையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கைப்பிள்ளைக்காரியின் அவசரம் வேறு. பிள்ளை மடுவம் திறந்து ஆயம்மா வந்தால்தான் பிள்ளையை விட முடியும். மடுவம் திறப்பதும் பெரட்டும் ஒரே நேரமென்றால் அவள் ஓட வேண்டும். பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பிள்ளையை ஒரு கையிலும் படங்கையும் கூடையையும் மறு கையிலும் பிடித்துக்கொண்டு, அட்டைக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்தது பாதி தேய்க்காதது பாதியாக அவள் ஓடுவதைத் தினமும் பார்க்கலாம். அவள் பெரட்டுக் களத்துக்கு வந்து நிற்கும்போது துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அது நாளின் ஆரம்பம். அவளுக்கு அது நாளின் நாலாவது மணி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை மூன்று மணி நேரம். மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு 75 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு பேர் என்று வைத்தால் ஒன்பது பேருக்கு மேல் வருகிறது. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தால் பெருக்கினால் மாதம் 12,000 ரூபாய்க்கு மேல். இந்தப் பணத்தைக் கம்பனியிடம் கேட்போம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நேரத்தின் பெறுமதி எவ்வளவு என்று நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

“இதெல்லாம் வீட்டு வேலை. எந்தப் பெண்தான் காலையில் வீட்டு வேலை செய்யவில்லை? இதில் சங்கத்துக்கு என்ன வேலை?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டவுனில் இருக்கும் பெண்ணும் சமைக்கிறாள், தலை பின்னிவிடுகிறாள். ஆனால் அவளுடைய வீடு அவளுடைய முதலாளிக்குச் சொந்தமில்லை. நமக்கோ லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வெள்ளைக்காரன் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கட்டிவிட்டுப் போன காம்பராக்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. பீலிக்குத் தண்ணீர் வரும் குழாயும் தோட்டத்தின் குழாய். பிள்ளை மடுவம் தோட்டத்துக்குள் நடப்பது. பெரட்டு நேரத்தைத் தீர்மானிப்பது தோட்ட நிர்வாகம். தண்ணீர், இடம், பிள்ளை பராமரிப்பு, நேரம் இந்த நாலும் வேலை கொடுப்பவரின் கையில் இருக்கும்போது, அவற்றால் வீணாகும் நேரத்தை வீட்டு விஷயம் என்று எப்படி ஒதுக்க முடியும்? அது தொழிற்சங்க விஷயம்தான்.

வீட்டுக்குள் ஒரு பைப் வந்தால் என்ன மாறும் என்பதையும் காலை நடையில் கண்ணால் பார்க்கலாம். 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நம் நோர்வூட் மைதானத்தில் பேசியபோது, இந்திய உதவியில் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அறிவித்த வீடுகள் வர எவ்வளவு காலம் எடுத்தது என்பது வேறு கதை. ஆனால் தனி வீடு கிடைத்து, தண்ணீரும் உள்ளே வந்த வீடுகளில் காலை வெளிச்சம் லயத்தைவிட ஒரு மணி நேரம் பிந்தித்தான் எரிகிறது. அந்த ஒரு மணி நேரம் ஒரு தாயின் தூக்கம். தனி வீடு கட்டிக் கொடுத்தும் தண்ணீர் வராத இடங்களும் உண்டு. அங்கே புதுக் கூரைக்குக் கீழேயும் நாலு மணிக்கே விளக்கு எரிகிறது. ஆகவே வீடு கேட்கும்போது தண்ணீரையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பாதையும் லைட்டும் இதே கதைதான். காசல்ரீ நீர்த்தேக்கம் நமக்கு எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையம் கரண்ட் எடுக்கிறது. ஆனால் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்து மலைப் பாதைகளில் பெண்கள் இன்னும் டோர்ச்சோடு நடக்கிறார்கள். முன்பு இதைக் கேட்டால் பிரதேச சபை கையை விரிக்கும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டப் பகுதியில் சபை செலவு செய்யத் தடையாக இருந்தது. நாம் வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், ஆனால் நம் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாது என்ற நிலை. 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பழைய அம்பகமுவ பிரதேச சபை பிரிந்து நோர்வூட்டுக்கென்று தனிச் சபையும் வந்தது. ஆக, சட்டம் தடுக்கிறது என்ற பழைய பதிலை இனி நாம் ஏற்கத் தேவையில்லை. எந்த வளைவில் லைட் வேண்டும், எந்தப் படி உடைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு இருக்கும் உரிமையும் பலருக்குத் தெரியாது. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மடுவம் இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மலை தூரமென்றும் கிலோ குறையுமென்றும் நினைத்து இதைக் கேட்காமலே விட்டவர்கள் எத்தனையோ பேர். காலை அவசரத்தில் பால் கொடுக்காமல் ஓடிய தாய்க்கு இந்த இடைவேளை எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்களின் நேரத்தைக் குறைவாக மதிப்பது நம் தோட்டங்களில் பழைய பழக்கம். 1984 வரை ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று இருந்தது. கவ்வாத்து, முள்ளுக்குத்து என்று ஆண்கள் தங்கள் அளவு வேலையை முடித்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வருவதுண்டு. கொழுந்து பறிப்பவர் மாலை நிறுவை வரை மலையில் நிற்க வேண்டும். கூட நேரம் நின்றவருக்குத்தான் குறைந்த காசு. 1984 இல் வேலைநிறுத்தம் செய்த பிறகே சம சம்பளம் கிடைத்தது. தானாக யாரும் தரவில்லை. அன்று சம்பளத்தில் இருந்த அநியாயம் நம் கண்ணுக்குப் பட்டதால் போராடினோம். இன்று நேரத்தில் இருக்கும் அநியாயம் கண்ணுக்குப் பட வேண்டும்.

நம் சங்கங்கள் அதைப் பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்து மூணாறு உதாரணம். அங்கே கொழுந்து பறிப்பவர்களும் நம்மைப் போல் தமிழ்ப் பெண்கள்தான், லயத்து வாழ்க்கைதான். 2015 செப்டெம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரிய தொழிற்சங்கத் தலைவர்கள் வந்தபோது அவர்களை உள்ளே விடவில்லை. எங்கள் சுமை உங்களுக்குத் தெரியாது, நாங்களே பேசிக்கொள்கிறோம் என்பதுதான் அவர்கள் நிலை. ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, கேட்ட 20 சதவீதத்தையும் வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த நாட்கூலியும் அதற்கடுத்த மாதம் 301 ரூபாயானது. அந்தப் பெண்களுக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும். அதே சமயம், சந்தா கொடுத்த பெண்கள் சங்கத்தை வெளியே நிறுத்தும் அளவுக்கு ஏன் போனார்கள் என்று ஒவ்வொரு தலைவரும் யோசிக்க வேண்டும். நம் சங்கத்திலும் சந்தா கொடுப்போரில் பெரும் பகுதி பெண்கள்தான். ஆனால் கமிட்டிக் கூட்டம் கூடுவதோ மாலை ஆறு மணிக்கு. அந்த நேரம் அவர்கள் மறுபடியும் அடுப்படியில் நிற்கிறார்கள்.

“முதலில் சம்பளம், பிறகு மற்றவை” என்பது இன்னொரு வாதம். சம்பளப் போராட்டத்தை ஒரு நாளும் தளர்த்தக் கூடாது. ஆனால் 1000 ரூபாய்க் கோரிக்கை வருஷக் கணக்காக இழுபட்டு 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது நம் எல்லோருக்கும் தெரியும். அத்தனை வருஷமும் ஒரு பீலி கூடத் திருத்தாமல் காத்திருந்த லயங்கள் உண்டு. சம்பளத்துக்குக் கொழும்பில் பேச வேண்டும். இரண்டாவது பைப்புக்கும், மடுவம் அரை மணி நேரம் முந்தித் திறப்பதற்கும் தோட்ட ஒப்பீஸில் பேசினால் போதும். இரண்டையும் ஒரே காலத்தில் செய்யலாம்.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதத்தில் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு லயங்களைச் சுற்றி நடக்க வேண்டும். மாதர் தலைவி முன்னால் நடக்கட்டும், தலைவர் கொப்பியும் பேனாவுமாகப் பின்னால் வரட்டும். முதலாவது, ஒரு பீலிக்கு எத்தனை குடும்பம், தண்ணீர் எத்தனை மணி வரை வருகிறது என்று எழுதுங்கள். இரண்டாவது, ஒரு மலசலகூடத்துக்கு எத்தனை குடும்பம், படியும் கதவும் எப்படி இருக்கின்றன. மூன்றாவது, பிள்ளை மடுவம் திறக்கும் நேரம் என்ன, பெரட்டு நேரம் என்ன. நாலாவது, லைட் இல்லாத வளைவும் உடைந்த பாதையும் எங்கே. ஐந்தாவது, லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறதா, கான் அடைத்திருக்கிறதா.

ஐந்தாவதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதும் ஒரு காலை நேரத்தில்தான். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மண் அசைவதற்கு முன் அடையாளம் காட்டும். பார்த்து எழுத ஆள் வேண்டும்.

எழுதியதை எங்கே கொடுப்பது என்பதும் தெளிவாக இருக்கட்டும். தண்ணீர், மலசலகூடம், மடுவம் மூன்றும் தோட்ட நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி ட்ரஸ்ட் நிறுவனத்துக்கு. பாதையும் லைட்டும் பிரதேச சபைக்கு. மண் வெடிப்பு என்றால் அன்றே கிராம உத்தியோகத்தருக்கும் நிர்வாகத்துக்கும் அறிவித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்களைக் கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் திகதியும் கையெழுத்தும் போட்ட பிரதி சங்கத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னதை மறுத்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியதை மறுக்க முடியாது.

கடைசியாக ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பனியிடம் கேட்க வேண்டியதைச் சேர்ந்து கேட்போம். நம் காம்பராவுக்குள் மாற்ற வேண்டியதற்கு யாருக்கும் பெட்டிசம் எழுதத் தேவையில்லை. தண்ணீரில் இரண்டு நடையை நீங்கள் எடுத்தால், பிள்ளையின் தலையை நீங்கள் பின்னினால், நாளைக் காலையே ஒரு பெண்ணுக்கு அரை மணி நேரம் திரும்பிக் கிடைக்கும். சடை கோணலாக இருந்தால் பரவாயில்லை, பாடசாலையில் நாங்கள் சரி பண்ணிக்கொள்கிறோம்.

சகோதரிகளே, அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம் நீங்கள் எழும்பும் நேரத்தையும் பெரட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து உங்கள் மாதர் தலைவியிடம் கொடுங்கள். எழுத நேரமில்லையென்றால் பாடசாலைப் பிள்ளையிடம் சொல்லுங்கள், எழுதித் தருவார்கள். அந்தத் தாள்கள் சேர்ந்தால், பேச்சுவார்த்தை மேசையில் நம் வேலை நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதை நாமே சொல்ல முடியும்.